டிக்கெட் வேண்டாத பிள்ளை

சாப்பாட்டு மேசையைத் துடைத்து
சுவிட்சர்லாந்தை விரித்தோம்.
தங்கை கொடுத்தனுப்பிய வரைபடம், சுருண்டு சுருண்டு எழும்பும்.
ஒரு முனையில் உப்புப் பரணி,
மறு முனையில் ஜெஸ்லினின் ரப்பர்கடைக் கணக்குநோட்டு.
வெளியே குலசேகரத்து மழை.
மூன்று நாளாய்ப் பால்வெட்டு இல்லை.
அதனால்தான் மனிதர் வீட்டில் இருக்கிறார்.
அதனால்தான் முகமும் அப்படி இருக்கிறது.

நாலு நாள். அவ்வளவுதான்.
படுக்கை லூசெர்னில், பெனிலா வீட்டில்.
(ராத்திரி பத்துக்கு மேல் வாஷிங் மெஷின் போடக்கூடாதாம்,
இதுவரை மூன்று தடவை சொல்லிவிட்டாள்.)
மீதியெல்லாம் ரயில்.

ஓரிடத்தில் வண்டி மாற ஆறு நிமிடம்.
"ஆறு நிமிசமா? நடக்காது பிள்ளே."
சொல்வது யார்?
குழித்துறையில் இரண்டே நிமிடம் நின்ற வண்டியில்
நாலு பேர், ஒன்பது பை, ஒரு பலாப்பழம்
ஏற்றிவிட்ட மனிதர்.
பலாப்பழத்தை ஓர்மைப்படுத்தினேன்.
"அது நம்ம ஊரு வண்டி. நமக்காக நிக்கும்."

ரெனிஷுக்குப் பனி போதும்,
எந்த ஸ்டேஷன் என்றெல்லாம் இல்லை.
ஃப்ரீசரைச் சுரண்டி உள்ளங்கையில் வைத்து
எண்ணிப் பழகுகிறான்.
நாற்பது வரை தாங்குகிறது.

அபிஷாதான் அந்தப் பழைய பாதையைக் கண்டுபிடித்தாள்.
புதிய குகைவழியில் போனால்
இருபது நிமிடத்தில் மலை முடிந்துவிடும்.
பழைய வழியில் வண்டி மலைக்குள் புகுந்து
வளைந்து வளைந்து ஏறுமாம்.
வழியில் ஒரு சின்ன வெள்ளைக் கோயில்.
முதலில் தலைக்கு மேலே தெரியும்.
கொஞ்சம் இருட்டு.
பிறகு நேருக்கு நேர்.
இன்னும் கொஞ்சம் இருட்டு.
பிறகு கீழே, தீப்பெட்டி மாதிரி.
"ஒரே கோயில மூணு மட்டம் பாக்கவா
இவ்வளவு துட்டு?" என்றார் ஜெஸ்லின்.
"ஆமா" என்றாள்.

அப்புறம் அந்த வரி கண்ணில் பட்டது.
பதினாறு நிறையாத பிள்ளைக்கு,
பெற்றவர் கூட இருந்தால், டிக்கெட் வேண்டாம்.
மே பதினேழில் அவளுக்குப் பதினாறு.
கணக்குநோட்டு திறந்தது.
பரணி இல்லாத பக்கமாக நாடு சுருண்டது.
அதற்கு முன்னால் போய்வந்தால் இவ்வளவு,
தாண்டினால் இவ்வளவு.
வித்தியாசத்தை ரப்பர் ஷீட்டில் போட்டுப் பார்த்தார்:
நூற்றிச் சொச்சம் கிலோ.
பன்னிரண்டு முதல் பதினைந்து, ஒரு வட்டம்.
எனக்கும் சரியென்றே பட்டது.
கூட்டுறவு வங்கியில் பதினெட்டு வருடம் உட்கார்ந்தவள் நான்.

அபிஷா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்,
யாரும் சொல்லாமல்.
அப்போதே எனக்குப் புரிந்திருக்கவேண்டும்.
வெள்ளம் விழும் சத்தத்துக்குள்ளிருந்து கேட்டாள்:
"டிக்கெட் இல்லாம போனா
எம் பேரு எதுலயும் இருக்காதுல்லாம்மா?"
பாஸ்போர்ட்டில் இருக்கும், விசாவில் இருக்கும் என்றேன்.
"அதில்லம்மா."

ஐந்து நிறைந்து ஏழு மாதம் ஆன பிறகும்
இவளை மடியில் வைத்துத்தான்
திருவனந்தபுரம் போய்வருவோம்.
கறுப்புக் கோட்டைக் கண்டால் போதும்,
காலிரண்டையும் மடக்கிப்
பாவாடைக்குள் இழுத்துக்கொள்ளும்.
சொல்லிக்கொடுத்ததில்லை நாங்கள்.
தடுத்ததும் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு மேல் மழை விட்டது.
விளக்கணைக்க வந்தவள் பார்த்தேன்.
வட்டம் அப்படியே இருந்தது.
அதன் பக்கத்தில் இன்னொரு வட்டம்,
பென்சிலில்,
அழித்து, மறுபடி போட்டு, மறுபடி அழித்து:
பதினேழு. பழைய பாதை.
அபிஷா, முழு டிக்கெட், ஒன்று.
கீழே கிலோக் கணக்கு, வெட்டப்படாமல்.

உள்ளே ஜெஸ்லின் குறட்டை விட்டார்,
விழித்திருப்பவர் விடுகிற குறட்டை.
உப்புப் பரணியை எடுத்தேன்.
மலைகள் எல்லாம் தானாகச் சுருண்டுகொண்டன.