மாத்தறைக்கு ஒரு வாகனம்

பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டு வலைப்பந்து,
ஒரு ஐஸ் பெட்டி, நான்.
யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தறை
வரைபடக் கணக்கில் ஐந்நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல்,
தாய்மாரின் கணக்கில் இன்னும் கூட.

கே.கே.எஸ். வீதியில் முதல் வான்.
யன்னலுக்கெல்லாம் குஞ்சம் வைத்த திரை,
சீற்றைவிடப் பெரிய ஸ்பீக்கர்.
குந்தியிருந்து ரயரைப் பார்த்தேன்.
விளிம்பில் நாலு இலக்கம் இருக்கும்:
பிறந்த கிழமை, பிறந்த வருசம்.
இந்த ரயர் பிறந்தபோது
என்னுடைய கோல் ஷூற்றர் மூன்றாம் ஆண்டு.
"எல்லாம் புது ரயர், ரீச்சர்."
பூசியிருந்த மை விரலில் ஒட்டியது.

கொக்குவிலில் இரண்டாவது.
பின்கதவு உள்ளுக்கிருந்து திறக்காது.
"பின்னால ஏன் இறங்கோணும்?" என்றார் முதலாளி.
மதுவந்தி, துஷ்யா, அபிராயினி என்று
பன்னிரண்டு பேரையும் வரிசையாய்ச் சொன்னேன்.
அவர் பட்டியலைக் கேட்டதாக நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது, திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால்.
சீற்றுக்குச் சீற் பெல்ற், இழுத்தால் இறுகுகிறது.
முன்னுக்குக் காற்றுப்பை.
ரயர் போன வருசத்துப் பிள்ளை.
தீயணைக்கும் சிலிண்டருக்குத் திகதிகூட முடியவில்லை.
ட்றைவர் நிமலரூபன், கேட்காமலே சொன்னார்:
"இரவில ஓடமாட்டன். மதவாச்சியில படுத்து எழும்பிப் போவம்."
நான் எழுதிவந்த பதினாலு கேள்விக்கும்
சரி, சரி, சரி.
பிறகு நாலடி பின்னுக்குப் போய் நின்று
முழுசாய்ப் பார்த்தேன்.

வெள்ளை.

அதை நான் எழுதியிருக்கவில்லை.

அவர் பக்கக் கதவைச் சறுக்கித் திறந்தார்.
அந்தச் சத்தத்தை
காதுக்கு முதல் முழங்கால் கேட்டது.
ஸ்ரான்லி வீதி, ரியூசன் விட்ட நேரம்,
மதிலோடு சாய்த்த இரண்டு சைக்கிள்.
ஒன்றை நான் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.
மற்றது மூன்று நாள் அங்கேயே நின்றது.

தம்பி ரொறொன்ரோவிலிருந்து எடுத்தான்.
போன கோடையில் மெக்சிக்கோ முழுக்கக் காரோடித் திரிந்தவன்,
புத்தி சொல்ல உரிமை உள்ளவன்.
"பளபளக்கிறதை எடுக்காதை அக்கா.
பழசு, ஊத்தை, ஆரும் திரும்பிப் பாராத நிறம்."
"எங்கட ஊரில அது என்ன நிறம்?" என்று கேட்டேன்.
லைன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.
பிறகு அங்கே பனி பெய்வதைப் பற்றிப் பேசினான்.

பிள்ளைகளுக்கு மூன்றின் படமும் காட்டினேன்.
பன்னிரண்டு கையும் வெள்ளைக்கு.
"ஏ.சி. இருக்கு! போன் சார்ஜ் போடலாம்!"
எல்லாம் முடிந்த பிறகு பிறந்தவர்கள்.
அவர்களுக்கு வெள்ளை என்றால்
சவர்க்காரம் கூடுதலாய்ச் செலவாகும் நிறம்.
சொல்லலாமா என்று வாய் திறந்தேன்,
விசில் வாய்க்குள் இருந்தது. ஊதினேன்.
ஓடத் தொடங்கினார்கள்.

துஷ்யாவின் தாய் மட்டும்
படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தா.
நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.
"ட்றைவற்ற பேர் என்ன?
நம்பர் பிளேற்றை எழுதித் தாங்கோ."
எழுதிக் கொடுத்தேன்.
மடித்து, பேர்ஸுக்குள் அல்ல,
சட்டைக்குள் வைத்தா.

வெள்ளையைத்தான் எடுத்தேன்.
இரண்டு பக்கமும் பள்ளிக்கூடப் பெயர்,
முழ உயரம், நீல எழுத்து.
அச்சடிக்கிற பெடியன் "இவ்வளவு பெரிசா?" என்றான்.
தூரத்திலிருந்தே தெரியவேணும் என்றேன்.
போட்டிக்குப் போறதுதானே என்று சிரித்தான்.

விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம்.
நான் பக்கக் கதவோரம்.
சாவகச்சேரி தாண்டப் பாதிப் பேர் நித்திரை.
ஆனையிறவில் உப்பு வெளிக்குமேல் சூரியன்.
"ரீச்சர், கதவு பூட்டித்தான் கிடக்கு,"
என்றாள் மதுவந்தி.
"தெரியும்."
கைபிடியிலிருந்து கை வரவில்லை.

கிளிநொச்சியில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்.
கதவை நானே திறந்தேன், சத்தத்தோடு.
பிள்ளைகள் ஒவ்வொன்றாய் இறங்க
ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.
பன்னிரண்டு வந்தது.
இன்னொருதரம் எண்ணினேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது,
ஐஸ் பெட்டி வீட்டு வாசலில்.