ஆப்பிள் தோட்டம், ரீல் ஐந்து

படத்தின் பெயரைச் சொல்லமாட்டார்கள்.
தாளின் தலையில் ‘ஆப்பிள் தோட்டம்’ என்று
ஒரு பொய்யை அச்சிட்டிருந்தார்கள்.
தோட்டத்தில் ஒருவன் முகமூடியோடு
கூரை கூரையாய்த் தாவுகிறான் என்பது
மூன்றாம் பக்கத்திலேயே டிராம்போன்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஸ்கோப்யேயில் ஜனவரி.
விறகுப் புகையும் டீசலும் வர்தார் ஆற்றின்மேல்
படுத்துக்கொண்டு எழ மறுக்கிற மாதம்.
முகமூடி போட்டுக்கொண்டுதான்
நாங்களும் வேலைக்கு வந்தோம்.

எட்டு டபுள் பாஸ். நான் ஐந்தாவது.
பக்கத்தில் குஸ்மன், அறுபத்தெட்டு வயது,
ரோசின் டப்பாவில் சூரியகாந்தி விதை வைத்திருப்பவர்.
ஒரு காதில் ஹெட்போன்: டிக், டிக், டிக்.
மறு காதில் உலகம்.
டிக்குகளுக்கு நடுவே லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஒரு குரல்,
அங்கே இன்னும் விடியவில்லை,
கொட்டாவியை விழுங்கிவிட்டுச் சொல்கிறது:
“அருமை. இன்னும் கொஞ்சம் இருட்டாக.”

வில்லைப் பாலத்தை ஒட்டி இழுத்தோம்.
கம்பி கரகரத்தது, எலும்பைக் காக்கும் நாய் மாதிரி.
“இன்னும்.”
“விளக்கை அணைக்கட்டுமா, கேள்,” என்று
முணுமுணுத்தாள் வயோலா ஸ்டோய்னா.

திரையும் கறுப்புதான். மூலையில் எண்கள் மட்டும் ஓடின.
சாவது யார் என்று தெரியாமலே
டி மைனரில் அழுதோம்.
மணிக்கணக்குக் கூலி. அழுகைக்குத் தனியாக இல்லை.

மாலையில் ரீல் ஐந்து.
பாஷ்கோ கோலைக் கீழே வைத்து
மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
“இங்கே நகரம் இடிகிறது.
பிறகு நான்கு வினாடி எதுவுமில்லை.
அந்த எதுவுமில்லாததை எனக்குச் சுத்தமாகக் கொடுங்கள்.”

இந்த ஊரின் பழைய ரயில் நிலையச் சுவரில்
அறுபத்து மூன்றாம் ஆண்டிலிருந்து
ஐந்து பதினேழிலேயே நிற்கிறது ஒரு கடிகாரம்.
அதன் கீழே நின்று ஐஸ்கிரீம் தின்றிருக்கிறோம்,
சண்டை போட்டிருக்கிறோம்,
வராதவர்களுக்குக் காத்திருக்கிறோம்.
யாரும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.
தாளைத் திருப்பினோம்.

பன்னிரண்டு ஹார்ன், இரண்டு டியூபா, ஆளுயர முரசு.
இடித்தோம்.
தரைப்பலகை வழியாக நடந்துவந்து
முழங்காலில் ஏறியது அந்த ஊர்.
பிறகு எதுவும்

கிரீச்.

“ஒரு நாற்காலி. மன்னிக்கவும். மறுபடி.”

மறுபடி இடித்தோம். மறுபடி நாற்காலி.
எல்லாரும் அவரவர் காலணியைப் பார்த்துக்கொண்டார்கள்.
நான் குஸ்மன் பக்கம் திரும்பவில்லை.
திரும்பாமலே தெரிந்தது:
அந்த நான்கு வினாடியில் அவர் உடம்பு
வாசலைத் தேடி எழப் பார்க்கிறது.
அன்றைக்கு அவருக்கு வயது ஐந்து.

மூன்றாம் முறை, அவர் நாற்காலியின் குறுக்குக்கட்டையை
என் வலது காலால் அழுத்திக்கொண்டேன்.
“பிரமாதம்,” என்றது கடலுக்கு அப்பால்.
அவர் எனக்குக் கொஞ்சம் விதை கொடுத்தார்.

அக்டோபரில் படம் வந்தது.
ஸ்டோய்னா ஆறு டிக்கெட் வாங்கியிருந்தாள்.
எங்கள் ஹார்ன்களின் மேல் ஹெலிகாப்டர்.
செல்லோக்களின் மேல் மழை.
நான் உயிரைக் கொடுத்து இழுத்த அந்த நீண்ட டி,
அதன்மேல் எவனோ எவனையோ திட்டுகிறான்.
இதற்காகவா விரலில் தோல் உரிந்தது என்று
பாப்கார்னை வெறித்துக்கொண்டிருந்தபோது
கோபுரம் சரிந்தது.

இருள்.

இருளுக்குள், தெளிவாக,
நாலா பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தும்
ஒரு மரம் கிரீச்சிட்டது.

முன்வரிசைப் பையன் பக்கத்துப் பெண்ணின் கையைப் பற்றினான்:
“உயிரோடு இருக்கிறான்! கீழே, உயிரோடு இருக்கிறான்!”

குஸ்மன் மெல்வதை நிறுத்தினார்.
பிறகு, சத்தமே போடாத அந்த மெத்தை இருக்கையிலிருந்து
மெதுவாக எழுந்து நின்றார்.

“உட்காருங்கள் ஐயா,” என்றார்கள் பின்னாலிருந்து,
“மறைக்கிறது.”