ஒத்திகையில் வென்றவள்

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு
லாத்வியா என்னைத் தேர்ந்தெடுத்தது.

ஆமாம். ரீகாவில், ஆற்றுக்கு அக்கரை அரங்கில்,
ஆறாயிரம் நாற்காலியும் காலியாகக் கிடக்கையில்.

மதாரா என்கிற பாடகி என் உயரம்.
அவள் தொண்டைக்கு ஓய்வு வேண்டும்,
கேமராவுக்கு ஓர் உடம்பு வேண்டும்.
மணிக்கு எட்டு யூரோ, சூப் இலவசம்.
கழுத்தில் அட்டை ஒன்றை மாட்டிவிட்டார்கள்: 9.

மற்ற நாட்களில் சந்தையில் மீன் விற்கிறேன்.
புகையூட்டிய விலாங்கு, உப்பிட்ட ஹெர்ரிங்.
எத்தனை தேய்த்தாலும் கையைவிட்டுப் போகாத வாடை
மைக்கைப் பிடித்ததும் மைக்குக்கும் ஏறியது.
ஒலிக்காரர் கிர்ட்ஸ் முகர்ந்து பார்த்து
ஒன்றும் சொல்லாமல் துடைத்து வைத்தார்.

பாட வேண்டாம், வாயசைத்தால் போதும்.
மூன்று நிமிடம். பாட்டு முழுக்க ஆங்கிலம்,
நடுவே நான்கு வரி மட்டும் எங்கள் மொழி.
அந்த நான்கு வரிக்கு எனக்குக் குரல் வந்துவிட்டது.
சன்னமாகத்தான். மைக் அணைந்துதான் இருந்தது.
இரண்டாம் கேமராக்காரன் தலை நிமிர்ந்து
என் பக்கம் ஓரடி நகர்ந்து வந்தான்.

பிறகு முடிவை அறிவிக்கும் ஒத்திகை.
இயக்குநர் விஸ்வால்டிஸ் தன் கம்பளிக் குல்லாயில்
சீட்டுக்களைக் குலுக்கி ஒன்றை எடுத்தார்.
"ஒன்பது."
காகிதப் பூ கொட்ட வேண்டிய நேரத்தில்
ஒருவர் "பூ, பூ, பூ" என்று வாயால் சொன்னார்.
நிஜப் பூ இரவுக்கு மட்டும். விலை அதிகம்.
கோப்பைக்குப் பதில் தண்ணீர் பாட்டில்.
"இடப்பக்கம் திரும்பி அழு, வெளிச்சம் அங்கேதான்.
முப்பது நொடி ஏதாவது பேசு."

என்ன பேச?
வாய்க்கு வந்தது விலைப்பட்டியல்.
விலாங்கு கிலோ இருபத்தொன்பது,
வால் பக்கம் வேண்டாமென்றால் முப்பத்திரண்டு,
ஐஸ் கட்டிக்குத் தனிக் காசு இல்லை.
காலி நாற்காலிகளுக்கு நன்றி சொன்னேன்.
தரை துடைக்க வந்தவள்
துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைதட்டினாள்.

சொன்னால் சிரிப்பீர்கள்,
எனக்கு நிஜமாகவே மூக்கு ஒழுகத் தொடங்கியது.
இடப்பக்கம் திரும்ப மறந்துபோனேன்.
"நேரம் சரியாக இருக்கிறது. அட்டையைக் கழற்று."

திரும்பும் டிராமில் கோப்பையைத் திறந்து குடித்தேன்.
பாலத்துக்குக் கீழே உறைந்த ஆற்றில் துளையிட்டு
மீன்பிடிப்பவர்கள் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

இரவு, பக்கத்து வீட்டு ஜிந்த்ராவின் டிவியில்
நான் நின்ற இடத்தில் மதாரா நின்றாள்.
அந்த நான்கு வரி வந்ததும்
திரை சட்டென்று அவள் முகத்துக்கு நெருங்கியது.
இரண்டாம் கேமரா.
மதாரா எதிர்பார்க்கவில்லை, அரைக்கணம் திகைத்தாள்.
பாட்டிலேயே அதுதான் அழகு.
"இவள்தான்" என்று ஜிந்த்ரா
காசு போகும் குறுஞ்செய்தி இரண்டு அனுப்பினாள்.
நான் அனுப்பவில்லை. ஏனென்று தெரியவில்லை.

வென்றது எண் நான்கு, சுருள்முடிப் பையன்.
பூ கொட்டோ கொட்டென்று கொட்டியது.
அவன் கச்சிதமாக இடப்பக்கம் திரும்பி அழுதான்.

பச்சைச் சோபாவில் மதாராவை
இரண்டு நொடி காட்டினார்கள்.
கைகளை எங்கே வைப்பதென்று அவளுக்குப் புரியவில்லை.
மடியில் வைத்தாள், எடுத்தாள், தட்டினாள்.

எப்படிப் புரியும்?
அவளுக்காக நான் ஜெயித்து மட்டும்தான் பார்த்தேன்.
தோற்றால் எங்கே உட்கார்வது,
வெளிச்சம் எந்தப் பக்கம் என்று
என்னை உட்காரவைத்து
ஒருவரும் அளந்து பார்க்கவில்லை.