யார் கேட்டு?

திருத்துறைப்பூண்டி நீதிமன்றத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் என் அலுவலகம்.
செபஸ்தியம்மாள் வந்து உட்கார்ந்தபோது
அறை முழுக்க டீசல் வாசம்.

ஐப்பசியில் கோரையாற்றுக் கரை உடைந்து
வைரக்கண்ணுவின் ஆறு மா நடவு முங்கிப்போனது.
மகள் பிரசவத்துக்கு அவன் நாகையில் இருந்தான்.
இவள் தன் இன்ஜினை வரப்புக்கு இழுத்துப்போய்
மூன்று ராத்திரி இறைத்தாள்.
எழுபது லிட்டர். ரசீது இருக்கிறது,
நனைந்து காய்ந்து அப்பளம் மாதிரி.

நாலாம் நாள் விடிகாலை வந்தவன்
பயிர் தலைதூக்கி நிற்பதைப் பார்த்தான்.
முழங்கால் சேற்றில் நின்று சொன்னான்:
"அறுப்புல அஞ்சு மூட்டை ஒனக்கு. சத்தியம்."
மதகடியில் லஸ்கர் தனுக்கோடி கேட்டிருக்கிறார்.

தை வந்தது, நெல் வந்தது,
கொள்முதல் நிலையத்தில் டோக்கனோடு நின்ற வைரக்கண்ணு
மூன்றே சொல்லில் முடித்துவிட்டான்:
"நானா எறைக்கச் சொன்னேன்?"

கெட்டிக்காரன்.
சட்டக் கல்லூரி வாசல் மிதிக்காமலே
ஒப்பந்தச் சட்டத்தின் நடுநரம்பில்
விரல் வைத்துவிட்டான்.

அவளுக்குச் சொன்னேன்:
வெறும் வாக்கு தண்ணீர் இல்லாத வாய்க்கால்.
எதிர்ப்பக்கமிருந்து ஏதாவது வந்தாக வேண்டும்,
பணமோ பண்டமோ உழைப்போ,
செய்யக்கூடியதைச் செய்யாமல் விடுவதோகூட.
பழைய பத்திரங்களில் பிரதிப்பிரயோஜனம் என்று எழுதுவார்கள்,
இப்போது மறுபயன்.
அதுவும் அவன் கேட்டு நடந்திருக்க வேண்டும்.
சத்தியம் சாமியிடம் செல்லும்,
முன்சீப்பிடம் செல்லாது.

"ஜூன் பன்னெண்டு தொறப்போம்னு சொல்றாங்களே,
அத நம்பித்தான வெத ஊறப் போடுறோம்?"
அது வாக்கு இல்லை அம்மா, அறிவிப்பு.
"ஓகோ" என்றாள்.
அந்த ஓகோவுக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் ஒரு சின்ன மடை திறந்திருக்கிறது:
இருபத்தைந்தாம் பிரிவு, இரண்டாவது விலக்கு.
கேட்காமலே ஒருவர் இன்னொருவருக்காகச் செய்துவிட்டதற்கு
அந்த இன்னொருவர் ஈடு தருகிறேன் என்றால்
அந்தச் சொல் நிற்கும்.
இன்னொருவருக்காக.
ஆகவே கேட்டேன்:
நீங்கள் இறைத்தது யாருக்காக?

மனசுக்குள் பதிலை எழுதியே வைத்திருந்தேன்.
அவள் சொன்னது வேறு.
"அவனுக்காவன்னு சொல்ல முடியலங்க.
வரப்புத் தகராறு, நாலு வருசமாப் பேச்சில்ல.
எனக்காவவும் இல்ல, என் நெலம் மேடு.
பச்சப் பயிரு மூச்சுமுட்டிக் கெடந்துச்சு.
தூக்கம் வரல."

பேனாவை மூடினேன். மறுபடி திறந்தேன்.
பயிருக்கு வழக்காட உரிமை இல்லை.
பயிர் அவனுடையது, ஆகவே இறைத்ததும் அவனுக்கே,
இப்படி வாதாடலாம்.
குறுக்கு விசாரணையில் இதே கேள்வி வரும்,
இவள் இதே பதிலைச் சொல்வாள்.
கொஞ்சம் பொய் தெரிந்தவளுக்கு
லேசான வழக்கு.

ஃபீஸ் வேண்டாம், நடத்திப் பார்க்கிறேன் என்றேன்.
எழுந்தவள் திரும்ப உட்கார்ந்தாள்.
"அப்ப நீங்க சொன்னதும் நிக்காதே?"

முந்தி முடிச்சை அவிழ்த்து
மேஜைக் கண்ணாடி மேல்
ஒரு ரெண்டு ரூபாய் நாணயம் வைத்தாள்.
"போதுமா?"
போதும். எவ்வளவு என்று சட்டம் பார்க்காது,
இருக்கிறதா என்றுதான் பார்க்கும்.

ரசீது கேட்டாள்.
பெயர் எழுதினேன், தொகை எழுதினேன்.
'எதற்காக' என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
கீழே யாருடைய பட்டாவையோ
ஜெராக்ஸ் எந்திரம் விழுங்கித் துப்பிக்கொண்டிருந்தது.

"கேசுக்குன்னு போடுங்க" என்றாள்,
"பயிருக்குன்னு போட்டா நிக்காதுன்னீங்கள்ல."