இடது கை

முதல் வாரம் ஒரு பென்சிலைக் கொடுத்து
காற்றில் நாலு மூலை கண்டுபிடிக்கச் சொன்னார்கள்.
கீழே, உள்ளே, வெளியே, மேலே.
விடுதிக் கண்ணாடி முன் நின்று
இல்லாத கொசுவை ஒரு மாதம் விரட்டினேன்.

கண்டக்டர் படிப்பு என்றதும் சித்தப்பா கேட்டார்:
"பஸ்ஸிலேயே இப்ப கண்டக்டர் கிடையாது,
அதுக்கு ஒரு டிகிரியா?"

ஜெலுத்தோங் சாலை நிறுத்தத்தில்
நாலாம் எண்ணிக்கைக்குக் கையை உயர்த்தினேன்.
ரேப்பிட் பேருந்து நின்றுவிட்டது.
கதவைத் திறந்து ஓட்டுநர் பார்க்கிறார்.
நான் ஏறவில்லை.
முதன்முதலில் எனக்குக் கீழ்ப்படிந்தது அந்தப் பேருந்துதான்.

பாடத்தான் பினாங்குக்கு வந்தேன்.
வந்து, மேடையில் வாய் திறக்காத ஒரே ஆள் ஆனேன்.

வலது கை தாளத்துக்கு என்றார்கள்,
இடது கை கொடுப்பதற்கு.
அங்கேதான் இடித்தது.
இடக்கையால் ஐந்து வெள்ளி நீட்டிவிட்டு
மன்னிப்புக் கேட்கிற ஊர் இது.
திருநீறு, தேநீர், கல்யாணப் பத்திரிகை,
எல்லாமே வலது.
ஷமிமி வீட்டிலும் அதே சட்டம்.
இருபத்திரண்டு வருஷம் மடியில் கிடந்ததை எடுத்து
ஆல்டோக்களுக்கு நுழைவு கொடு என்றால்
அது கடன் கேட்பதுபோல் போகிறது.

விரல் நீட்டவும் வராது.
ஆளைப் பார்த்து ஆள்காட்டி விரலா?
இங்கே கட்டைவிரல்தான் மரியாதை,
மற்ற நாலையும் மடக்கிக்கொண்டு.

பாஸ் வரிசையில் சிபுக்காரன் ஜூகா.
டெனரில் பூன் கியாட்:
இரவெல்லாம் சுங்கை டுவாவில் கொய்த்தியாவ் பிரட்டிவிட்டு
புகை வாசத்தோடு வருவான்,
கால் சுரம் இறங்கிப் பாடுவான்.
சொல்லத் துணிவில்லை.
அவன் பக்கம் புருவத்தை மட்டும் ஏற்றினேன்.
"கண் வலியா?" என்றான்.

கடைசிப் பக்கத்தில்
பதினாறு எண்ணிக்கை நீளும் ஒரே சுரம்.
ஒரு நெஞ்சால் ஆகாது.
திருட்டு மூச்சு என்று பெயர் வைத்தோம்:
பக்கத்து ஆள் எடுக்கும்போது எடுக்காதே,
எல்லாரும் எடுக்கிற இடத்தில் எடுக்கவே எடுக்காதே,
போனது தெரியாமல் போ,
வந்தது தெரியாமல் வா.
முப்பது பேர் மாறி மாறி அறுந்ததில்
அறாமல் நின்றது ஒன்று.

தேர்வன்று மூன்று மணிக்கே இருட்டு.
மிண்டன் குன்றில் மழை, மண்டபத்துக்குத் தகரக் கூரை.
"திலகேஸ்வரி அனாக் பெரம்புவான் சின்னையா."
மூன்று பேனாக்கள் மூடி கழன்றன.
இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதோரம் வைத்தேன்;
மழைதான் கேட்டது.
தாடை எலும்பில் வைத்தேன்.
பல் வழியாக வந்தது சுரம்.

பன்னிரண்டாம் தாளக்கட்டில் இடது கை
என்னைக் கேட்காமல் எழுந்தது:
நாலு விரல் மடங்கி, கட்டைவிரல் முன்னே.
இப்படி வாங்க, உள்ளே வாங்க.
ஷமிமியின் கண் சிரித்தது.
வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
மெல்ல உள்ளே வந்தார்கள் ஆல்டோக்கள்.

அப்புறம் எப்போது என்று தெரியாது,
குழு முழுவதும் கால் சுரம் இறங்கி
பூன் கியாட்டிடம் போய்ச் சேர்ந்தது.
அன்று அவன் தவறவேயில்லை.

நீண்ட சுரம்.
முடிக்கச் சொல்லும் வட்டத்தைக் கை போட மறுத்தது.
பதினாறு கடந்தது, பதினெட்டு,
யாரோ திருடி யாரோ திருப்பித் தந்து...
ஒருவழியாக மூடினேன்.
முப்பது பேரும் நின்றார்கள்.
மழை மட்டும் என் கையைப் பார்க்கவில்லை.

மதிப்பெண் தாளில்
சுருதி இறக்கத்துக்கு நாலு போனது.
கட்டைவிரலுக்கு நேரே
ஒரு கேள்விக்குறி, எண் இல்லாமல்.

இரவு சுங்கை டுவாவில் இன்னும் தூறல்.
சட்டியிலிருந்து நிமிர்ந்து
பூன் கியாட் தட்டை நீட்டினான்.
என் வலது கையில் குடை இருந்தது.
மற்றதை நீட்டினேன்.