நான்காவது பேஸ் டிரம்

டோலிடோ தாண்டி ஒரு பள்ளியின் கார் நிறுத்தம்.
ஆகஸ்டு வெயிலில் தார் இளகி ஷூவை இழுக்கிறது.
"சுலபம்தான், நாலே பார்" என்கிறாள் டெலனி,
ஸ்நேர் குச்சிகளை அக்குளில் இடுக்கியபடி.

ஓரினுக்குச் சுற்றுக்கு ஒரே ஓர் அடி.
மீதி நேரமெல்லாம் எண்ணிக்கை.
நெஞ்சை மறைக்கும் வட்டத்துக்குக் கீழே
தன் கால்கள் நடப்பதை
நம்பத்தான் வேண்டும்.

சனிக்கிழமை ஊர்வலம்.
தீயணைப்பு நிலையத்தருகே
பதினாலு, பதினைந்து,
தும்மல்.

பதினாறு இருக்க வேண்டிய ஓட்டையில்
ஐஸ்கிரீம் கடை வாசலில் கட்டியிருந்த நாய்
கச்சிதமாக
ஒருமுறை குரைத்தது.

ஸ்நேர் வரிசைக்குத் தோள் குலுங்கியது;
மணிக்கட்டு மட்டும் சிரிக்கவில்லை.
டெலனி திரும்பிப் பார்க்கவே இல்லை,
காது சிவந்திருந்தது.

பதினாலு.
பதினைந்து.
ஓரின் குச்சியை ஓங்குகிறான்.
நாயும் வாய் திறக்கிறது.