பல் விழுந்த இடம்

ஒசியெக்கிலிருந்து எட்டு மணி நேரம், ஏசி வேலை செய்யாத கார்.
ஸ்பிளிட்டில் இறங்கியதும்
பிரானிமிர் கையேட்டை விரித்துவிட்டார்:
ஆயிரத்து எழுநூறு வருஷம்,
ரோமப் பேரரசன் ஓய்வெடுக்கக் கட்டிய அரண்மனை.
அவன் சாளரத்தில் யாருடைய பனியனோ காய்கிறது.
சொட்டியது என் தோளில்.

நிலவறைக்குள் நல்ல குளிர்.
மேலே குடியிருந்தவர்கள் தரையில் ஓட்டை போட்டு
தலைமுறை தலைமுறையாகக் குப்பை கொட்டினார்களாம்.
அந்தக் குப்பைதான் இதைக் காப்பாற்றியது
என்றாள் வழிகாட்டிப் பெண்.
பிரானிமிர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.
இனி எங்கள் கராஜைச் சுத்தம் செய்யச் சொல்ல முடியாது இவரை.

அப்போதுதான் லோவ்ரோவுக்குப் பல் விழுந்தது.
மூன்று நாளாய் நாக்கால் நெம்பிக்கொண்டிருந்தது,
காய்ந்த அத்தியைக் கடித்ததும் வந்துவிட்டது.
ரத்தத்தோடு உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்,
காட்டும்போதே நழுவி
கல்லிடுக்கில் போயிற்று.

மண்டியிட்டு ஹேர்பின்னால் குடைந்தேன்.
வந்ததெல்லாம் மணல், ஒரு சிகரெட் துண்டு.
அழுவான் என்று பார்த்தால்
"எந்தக் கல் என்று எண்ணி வைத்துக்கொள்" என்கிறான்.

வாசலிலிருந்து ஏழாவது.

வெளியே கடல், கண் கூசிற்று.
படகுத்துறை நெடுக
புது ஓட்டைக்குள் காற்றை விட்டு
விசிலடித்துப் பார்த்தான்.
வரவில்லை.
எச்சில்தான் தெறித்தது.
மறுபடி.